ராமானுஜனின் இரண்டு கடிதங்களும் காரியாபட்டி பயோடேட்டாவும்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். காரியாபட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. தங்கச்சி மகளுக்கு ரெஸ்யூம் பிரிண்ட் எடுக்க அவளோடு போய் நின்றேன். கண்ணாடி மேஜைக்குள் அச்சடித்த பயோடேட்டா ஃபார்ம் ஒரு கட்டு இருந்தது. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, தெரிந்த மொழிகள், கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் உண்மை' என்று ஒரு உறுதிமொழி. என் சின்ன வயதில் பார்த்த அதே ஃபார்ம். இன்னமும் விற்கிறதாம். மில்லுக்கும் ஜவுளிக்கடைக்கும் அது போதும் என்றார் கடைக்காரர்.

எங்கள் பிரச்சினை வேறு. அவள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள். முடித்த வருடமே அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை ஆபீஸில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். ஆட்களின் வருகை, பீஸ் ரேட் கணக்கு, சனிக்கிழமை சம்பளப் பட்டியல், குடோன் இருப்பு எல்லாவற்றையும் எக்செலில் ஏற்றுகிற வேலை. இப்போது மதுரையிலும் சென்னையிலும் ஐ.டி. வேலை தேடுகிறாள்.

கடைக்காரர் அனுபவஸ்தர். "கேப் தெரியாத மாதிரி ஒரு ஃபார்மட் இருக்கு சார். வருஷமே போட வேணாம், ஸ்கில்ஸ் மட்டும் போட்ரலாம்" என்றார்.

அவளுக்கும் அது பிடித்துவிட்டது. "பட்டாசு ஆபீஸ்னு போட்டா கேவலமா நினைக்க மாட்டாங்களா மாமா? வீட்ல இருந்தேன்னே சொல்லிக்கிறேன்."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் சாஃப்ட்வேரில் இருக்கிறேன், இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான ரெஸ்யூம் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த ஃபார்மட்டுகள் எங்கிருந்து வந்தன, ஏன் வந்தன என்று யோசித்ததில்லை. சென்னைக்குத் திரும்பியதும் தோண்டிப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

லியனார்டோவும் கம்பெனி ரைட்டர்களும்

உலகத்தின் முதல் ரெஸ்யூம் என்று இணையத்தில் எல்லோரும் காட்டுவது லியனார்டோ டா வின்சியின் கடிதத்தை. 1482 வாக்கில் மிலானை ஆண்டுகொண்டிருந்த லுடோவிகோ ஸ்போர்சாவுக்காக எழுதியது. அதில் முதலில் வருவதெல்லாம் தூக்கிச் செல்லக்கூடிய பாலம், பீரங்கி, சுரங்கம், கவச வண்டி. ஓவியமும் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது. மிலானுக்கு அன்றைக்குப் போர்ப் பொறியாளர் தேவை. அவர் அதைப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார்.

முதல் ரெஸ்யூம் என்ற பட்டம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வேலை கேட்டு எழுதுவது எழுத்தளவுக்குப் பழையதாக இருக்கும். நம் ஊருக்கு நெருக்கமான விஷயம் கிழக்கிந்தியக் கம்பெனியில் இருக்கிறது. கம்பெனியின் அடிமட்ட உத்தியோகத்துக்கு 'ரைட்டர்' என்று பெயர். நம் போலீஸ் ஸ்டேஷனில் இன்றைக்கும் ரைட்டர் உண்டு. ராபர்ட் கிளைவ் 1744-ல் சென்னைக்கு வந்து இறங்கியது ரைட்டராகத்தான். இந்த வேலைக்கு லண்டனில் கொடுக்கப்பட்ட மனுக்கள் 1749 முதல் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மனுவோடு என்ன வைக்க வேண்டும்? வயதுக்கு ஆதாரமாக ஞானஸ்நானச் சான்று. எழுத்தும் வியாபாரக் கணக்கும் படித்ததற்கு வாத்தியார் கொடுத்த சான்று. எல்லாவற்றுக்கும் மேல், கம்பெனி இயக்குநர் ஒருவரின் சிபாரிசு. வயது, படிப்பு, ஆள் பலம். இன்றைய பயோடேட்டாவின் எலும்புக்கூடு அப்போதே தயார்.

இந்தப் பக்கம், சென்னையில் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்த்த சமையல்காரரும் ஆயாவும் பழைய எஜமானர்கள் எழுதிக் கொடுத்த 'சிட்'டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1886-ல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி, வேலைக்காரருக்குக் கொடுக்கும் சான்று என்பதையும் அந்தச் சொல்லின் ஒரு பொருளாகத் தருகிறது. நம் 'சீட்டு'க்குப் பக்கத்தில் நிற்கிற சொல். படிப்பில்லாதவருக்கு அந்தச் சீட்டுக் கட்டுதான் ரெஸ்யூம்.

1912: திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு விண்ணப்பம்

தேடிக்கொண்டே போனபோது கையில் சிக்கியது ராமானுஜனின் விண்ணப்பம். ஹார்டிக்கு எழுதிய கடிதம் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதினோரு மாதம் முன்னால் அவர் எழுதிய வேலை விண்ணப்பத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

அவருடைய நிலைமையை இன்றைய கண்ணோடு பாருங்கள். கும்பகோணம் பள்ளியில் கெட்டிக்கார மாணவன். மெட்ரிகுலேஷன் தேறி, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு பாடம் படிக்கவில்லை. எஃப்.ஏ. கிடைக்கவில்லை. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார், அங்கேயும் தேறவில்லை. அதற்குப் பிறகு சில வருடங்கள் டியூஷன், நோட்டுப் புத்தகம், யாராவது ஆதரிப்பார்களா என்று அலைச்சல். கல்யாணமும் ஆகிவிட்டது. இன்றைய பாஷையில் சொன்னால் 'அரியர் உண்டு, டிகிரி இல்லை, நாலைந்து வருஷம் கேப்'.

1912 பிப்ரவரி 9 அன்று, திருவல்லிக்கேணி சம்மர் ஹவுஸ் முகவரியிலிருந்து சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு எழுதுகிறார். மொத்தமே ஐந்தாறு வாக்கியம். உங்கள் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை காலி என்று அறிகிறேன். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன். சில பாதகமான சூழ்நிலைகளால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. அதன்பின் என் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே செலவிட்டு வருகிறேன். வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது. சாரம் இவ்வளவுதான்.

இதில் நான் கவனித்தவை சில.

முதலாவது, இடைவெளியை அவர் மறைக்கவில்லை. ஒரே வாக்கியத்தில் சொல்கிறார், அடுத்த வாக்கியத்திலேயே அந்த வருடங்களில் என்ன செய்தார் என்று சொல்கிறார். எத்தனை தடவை தோற்றார், எந்தப் பாடத்தில் தோற்றார் என்றெல்லாம் விளக்கம் இல்லை. விளக்கினால் அழுகையாகிவிடும். சொல்லாமல் விட்டால் சந்தேகம் வரும்.

இரண்டாவது, முந்தைய வருடம்தான், 1911-ல், பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்திருக்கிறது. விண்ணப்பத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு பெர்னூலி எண் எதற்கு?

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசை இணைத்திருக்கிறார். பேராசிரியர் என்ன எழுதினார்? கணிதத்தில் அசாதாரணத் திறமை என்பதோடு நிறுத்தவில்லை. எண்களைக் கணக்கிடுவதில் இயல்பான நாட்டம், வெகு வேகமானவர் என்ற பொருளில் எழுதினார். கணக்குப் பிரிவில் ஆள் தேடும் மேலாளருக்குப் புரியும் பாஷை அது. ஒரு மேதையை ஒரு நல்ல குமாஸ்தாவாக மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார். பொய் இல்லை. படிப்பவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து எழுதியது.

வேலை கிடைத்தது. மார்ச் 1-ஆம் தேதி கணக்குப் பிரிவில் சேர்ந்தார்.

1913: அதே ஆள், வேறு ஃபார்மட்

1913 ஜனவரி 16. அதே ராமானுஜன் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதுகிறார். இதற்கு முன் வேறு இரண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கு எழுதிப் பலனில்லை.

இந்தக் கடிதத்தின் அமைப்பு முற்றிலும் வேறு. ஆரம்பத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார்: சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா, ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டுதான். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, பள்ளிப் படிப்பு மட்டும் உண்டு, ஓய்வு நேரத்தில் கணிதம் செய்கிறேன். சுயவிவரம் அவ்வளவுதான். பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், சுமார் 120. படிப்பின் வரிசையையும் உத்தியோகத்தின் வரிசையையும் தள்ளிவைத்துவிட்டு, செய்த வேலையை நேராக மேஜைமேல் வைத்துவிட்டார். இன்றைக்கு இதை 'ஃபங்ஷனல் ரெஸ்யூம்' என்பார்கள், அல்லது கிட்ஹப் லிங்க் என்பார்கள்.

ஆளுக்கேற்ப எழுதும் வித்தையும் அதில் உண்டு. ஹார்டியின் சிறு நூல் ஒன்றின் 36-ஆம் பக்கத்தைச் சுட்டி, பகா எண்களின் எண்ணிக்கைக்குச் சரியான வாய்பாடு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, நான் கண்டுபிடித்திருக்கிறேன் என்கிறார். வேடிக்கை என்னவென்றால், பகா எண்களைப் பற்றி அவர் சொன்ன அந்த விஷயம்தான் பிற்பாடு பிழை என்று தெரிந்தது. படிப்பவரைக் கவர முன்னால் வைத்தது பிசகிவிட்டது. பின்னால் கிடந்த மற்ற தேற்றங்கள்தான் காப்பாற்றின. ரெஸ்யூமில் 'எக்ஸ்பர்ட்' என்று போடுவதற்கு முன் எனக்கு இனி இது ஞாபகம் வரும்.

இன்னொன்று. தனக்கு வயது 'சுமார் 23' என்று எழுதுகிறார். 1887 டிசம்பர் 22-ல் பிறந்தவருக்கு அன்று 25 நடந்து முடிந்திருந்தது.

இரண்டு கடிதத்தையும் அருகருகே வைத்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். துறைமுகத்துக்கு 'எஃப்.ஏ. வரை படித்தேன்'. ஹார்டிக்குப் 'பல்கலைக்கழகப் படிப்பு இல்லை'. ஒரே வாழ்க்கை. குமாஸ்தா வேலைக்கு அந்த அரைகுறை எஃப்.ஏ.வும் கொஞ்சம் மதிப்புள்ளது. கேம்பிரிட்ஜில் அது செல்லாக் காசு, அதனால் விட்டுவிட்டார். ஆனால் குமாஸ்தா வேலையை விடவில்லை. இன்று என்ன செய்து பிழைக்கிறேன் என்பதை முதல் வரியிலேயே சொன்னார். அதைச் சொல்ல அவர் கூச்சப்படவில்லை.

அதே 1913 மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

அட்டையாக மாறிய மனிதர்கள்

கடிதம் எழுதும் காலம் எப்போது முடிந்தது? எண்ணிக்கை பெருகியபோது. இரண்டாம் உலகப் போர் முடிகிற 1945-ல் லட்சக்கணக்கான சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் ஹால்டேன் போன்றவர்கள், ராணுவத்திலிருந்து வந்தவர்களிடம், பதவிப் பெயரை விடு, எதை நன்றாகச் செய்தாய் என்று எழுது என்றார்கள். திறமைவாரி ரெஸ்யூம் என்ற யோசனை பரவியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அதாவது அந்த ஃபார்மட் கேப்பை மறைக்க வந்ததல்ல. டாங்கி ஓட்டியவனின் அனுபவத்தை ஃபேக்டரி முதலாளிக்குப் புரியவைக்க வந்தது.

இந்தியாவில் அதே 1945 ஜூலையில், போரிலிருந்து திரும்பியவர்களுக்காக மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்பு இயக்ககம் தொடங்கினார்கள். நம் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் அங்கிருந்துதான் பிறந்தது. 1948-ல் எல்லோருக்கும் கதவு திறந்தது. 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களுக்கு வந்தது. காலியிடங்களை அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959-ல் வந்தது.

இங்கே கடிதத்துக்கு வேலையில்லை. உங்கள் வாழ்க்கையை ஒரு குமாஸ்தா எக்ஸ்-1 என்கிற அட்டையில் எழுதுவார். உங்களுக்கு எக்ஸ்-10 என்கிற அடையாள அட்டை. 1958-ல் வந்த தேசியத் தொழில் வகைப்பாட்டின்படி உங்களுக்கு ஒரு எண். கம்பெனி ஆள் கேட்டால் அந்த எண்ணுள்ள அட்டைகளைப் பெட்டியிலிருந்து உருவுவார்கள். அட்டையில் இடமில்லாத விஷயம், பெட்டிக்குள் இல்லாத விஷயம்.

பிளஸ் டூ முடித்ததும் விருதுநகர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்று நானும் பதிந்தேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், தவறினால் சீனியாரிட்டி போச்சு. எங்கள் தெருவில் ரேஷன் கார்டுக்கு அடுத்து பத்திரமாக இருந்தது அந்த அட்டைதான். அதற்குள் காலம் மாறியிருந்தது. வேலைவாய்ப்பகப் பெயர்ப்பட்டியல் மட்டும் போதாது, விளம்பரமும் செய்ய வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2001-ல் தமிழக அரசு புதிய நியமனங்களுக்குத் தடை போட்டது. நான் பி.ஈ. முடித்தது 2002. அமெரிக்காவில் டாட்காம் சரிந்து, இங்கேயும் ஃப்ரெஷர்களைச் சீந்த ஆளில்லை. பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து நௌக்ரியில் ரெஸ்யூம் ஏற்றிய தலைமுறை நாங்கள்.

ஜெராக்ஸ் கடை ஃபார்முக்கு வருவோம். அதில் சாதிக்கு ஏன் கட்டம்? அரசாங்க விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்துக்குக் காரணம் உண்டு. 1921-ல் நீதிக்கட்சி ஆட்சி போட்ட வகுப்புவாரி அரசாணையிலிருந்து ஒரு நூற்றாண்டுப் போராட்டம் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. தனியார் கடைக்கான ஃபார்மில் அதே கட்டம் இருக்கிறது, காரணம் இல்லை. இடஒதுக்கீடு தராத முதலாளிக்கு உங்கள் சாதி எதற்கு? அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

அட்டைப் பெட்டி இப்போது மெஷினுக்குள்

இப்போது பெரிய கம்பெனிக்கு அனுப்பும் ரெஸ்யூமை முதலில் படிப்பது பெரும்பாலும் சாஃப்ட்வேர். அது செய்வது எக்ஸ்-1 குமாஸ்தா செய்த வேலையைத்தான். பெயர், படிப்பு, கம்பெனி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்னென்ன ஸ்கில் என்று பிரித்து டேட்டாபேஸ் கட்டங்களில் போடும். பிறகு ஹெச்.ஆர். தேடும் வார்த்தை உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்கும்.

இதில் மாட்டிக்கொள்வது அழகழகான டெம்ப்ளேட்டுகள். இரண்டு பத்தி வைத்த ரெஸ்யூமில், சில மென்பொருள் இடது பத்தி வரியையும் வலது பத்தி வரியையும் ஒட்டவைத்து ஒரே வரியாகப் படித்துவிடும். படமாகப் போட்ட எழுத்தை விட்டுவிடும். ஸ்கில்லுக்கு ஐந்து ஸ்டார் போட்டிருந்தால் அதற்கு ஒன்றும் புரியாது. வருடமே போடாத ரெஸ்யூமில் அனுபவக் கட்டம் காலியாகிவிடும். மனிதர் கைக்குப் போனாலும் இதே கதைதான். வருடம் இல்லாத ரெஸ்யூமைப் பார்த்தால் பேனலில் நாங்கள் முதலில் கேட்பதே 'இதில் எதை மறைக்கிறான்?' என்றுதான். கடைக்காரர் கேப்பை மறைக்கச் சொன்ன ஃபார்மட், கேப்பின் மேல் டார்ச் அடிக்கிற ஃபார்மட்.

ஆகவே ஒரே துறையில் தொடர்ந்து இருப்பவருக்கு, அண்மை வேலை முதலில் வரும் காலவரிசையே போதும். துறை மாறுகிறவருக்குக் கலப்பு: மேலே நாலைந்து வரியில் திறமையும் அதற்கு ஆதாரமும், கீழே வருடத்தோடு காலவரிசை. வெறும் திறமைவாரி என்பது, ராமானுஜனைப் போல மேஜைமேல் வைக்க 120 தேற்றம் இருந்தால் மட்டும்.

தங்கச்சி மகளின் இரண்டு வருடம்

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள சிவகாசியிலிருந்து கல்கத்தா போனார்கள். அன்றிலிருந்து இந்த வட்டாரத்தின் தொழில் கையால் செய்து கற்றுக்கொள்வது, தெரிந்தவர் சொல்லிச் சேர்வது. ஊர் ஊராக வேன் வரும், ஏறிக்கொள்ள வேண்டியதுதான். யாரும் ரெஸ்யூம் கேட்டதில்லை, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் கொடுத்ததும் அபூர்வம். இருபது வருடம் சரவெடி கோர்த்த அம்மாவிடம் அதற்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. வெள்ளைக்காரர் வீட்டு ஆயாவிடமாவது சிட்டுக் கட்டு இருந்தது. எங்கள் பக்கத்து உழைப்பு இப்படித்தான் தாளில் ஏறாமலேயே போகிறது. அதில் இரண்டு வருடத்தை அவளே அழித்துவிட நினைத்ததுதான் எனக்கு உறுத்தியது.

போனில் கூப்பிட்டு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டேன். "தினம் என்ன பண்ணுவ?"

"சும்மா என்ட்ரி போடறதுதான் மாமா."

"எத்தனை பேருக்கு?"

"நூத்தி இருபது பேருக்கு வாரச் சம்பளம். பீஸ் கணக்கு. ஒரு குரோஸ் குறைஞ்சாலும் சண்டைக்கு வந்துருவாங்க."

"குடோன் இருப்பு?"

"அது தப்பவே கூடாது. லைசென்ஸ்ல இவ்வளவு கிலோதான் வைக்கலாம்னு இருக்கும். கூடுனா கேஸு, வெடிச்சா உசுரு. அதனால நானே ஷீட்டுல ஒரு ஃபார்முலா போட்டு வச்சேன். அளவு தாண்டப் போனா சிவப்பாயிரும்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பெரிய கம்பெனிகளில் இதற்கு 'அலர்ட்டிங் சிஸ்டம்' என்று பெயர் வைத்து ஒரு டீமே வேலை பார்க்கும். இந்தப் பெண் அதைச் 'சும்மா என்ட்ரி' என்கிறாள்.

மிடில்மாஸ்ட் செய்த வேலையை நான் செய்தேன். ஒரு பக்கம், ஒரே பத்தி, படம் இல்லை. மேலே மூன்று வரி: 120 பேரின் வாரச் சம்பளக் கணக்கு, உரிம வரம்பை மீறாமல் எச்சரிக்கும் இருப்பு ஷீட், கல்லூரி ப்ராஜெக்ட். கீழே காலவரிசை, பட்டாசு ஆலையின் பெயரோடும் மாதம் வருடத்தோடும். படிப்பு முடித்ததும் குடும்பச் சூழ்நிலையால் உள்ளூரில் வேலையில் சேர்ந்தேன் என்று ஒரே ஒரு வாக்கியம். அது ராமானுஜனிடம் கடன் வாங்கியது. அந்த ஷீட்டின் மாதிரியை, ஆலையின் விவரங்கள் இல்லாமல், புதிதாகச் செய்து லிங்க்காக வைக்கச் சொன்னேன்.

"பட்டாசு ஆபீஸ்னு இருக்கட்டுமா மாமா?" என்று மறுபடி கேட்டாள்.

"துறைமுகத்துல குமாஸ்தான்னு முதல் வரியிலயே எழுதுனவரு ராயல் சொசைட்டி வரைக்கும் போனாரு. இருக்கட்டும்."

ஒன்பது இடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். ஏழு இடத்தில் சத்தமே இல்லை. ஒரு இடத்தில் டெஸ்ட் எழுதித் தேறவில்லை. மதுரையில் ஒரு சின்ன கம்பெனியில் போன வாரம் இன்டர்வியூ. முக்கால் மணி நேரத்தில் அரை மணி நேரம் அந்தச் சிவப்பு ஃபார்முலாவைப் பற்றியே கேட்டார்களாம். முடிவு இன்னும் வரவில்லை. ராமானுஜனுக்கே மூன்றாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.